கம்பெனியை மூடிய பிறகும் கோட்டையில் இருந்தவர்

தரங்கம்பாடிக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். மாயவரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம், அவ்வளவுதான். எல்லாரையும் போல டேனிஷ் கோட்டை மதில்மேல் நின்று கடலைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் மியூசியத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடுவேன். சீகன்பால்கு, தமிழ் அச்சுக்கூடம், 2004 சுனாமி என்று மூன்று விஷயங்கள் மட்டும்தான் அந்த ஊரைப் பற்றி மனசில் இருந்தன.

சீகன்பால்கு வந்து இறங்கியது 1706-ல். அதற்கு 86 வருஷம் முன்னாலேயே டேனிஷ்காரர்கள் அங்கே வந்துவிட்டார்கள். அந்த இடைப்பட்ட காலத்தைத் துருவிக்கொண்டு போனபோதுதான் இந்தக் கதை சிக்கியது. இதை ஒரு காலனியின் கதை என்று நினைத்துப் படித்தால் சப்பென்று இருக்கும். நொடித்துப்போன ஒரு சின்னக் கம்பெனியின் கதையாகப் படித்துப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

முதலில் அந்தக் கம்பெனி எப்படி ஆரம்பித்தது என்று பார்ப்போம். இங்கிலீஷ்காரர்களும் டச்சுக்காரர்களும் மிளகிலும் கிராம்பிலும் கொழிப்பதைப் பார்த்த டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்கு நாமும் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. 1616-ல் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். முதல் போடத்தான் ஆள் இல்லை. பிரபுக்களையும் நகரங்களையும் ராஜாவே நெருக்கிப் பங்கு வாங்க வைத்தார். ஆசைப்பட்டுப் போட்ட காசுக்கும் தட்ட முடியாமல் போட்ட காசுக்கும் வித்தியாசம் உண்டு. முதல் நஷ்டம் வந்ததும் அது வெளியே தெரிந்துவிடும்.

வியாபாரத் திட்டமும் ஒரே ஒரு ஆளின் வாக்கை நம்பியே நின்றது. போஷோவர் என்ற டச்சுக்காரர், கண்டி ராஜாவின் தூதன் நான் என்று சொல்லிக்கொண்டு டென்மார்க் வந்தார். கப்பலும் படையும் கொடுத்தால் இலங்கை வியாபாரம் உங்களுக்கே என்றார். அதை நம்பி 1618-ல் கப்பல்கள் கிளம்பின. தலைவர் ஓவே கெட்டே, இருபத்து நாலு வயசுகூட நிரம்பாத இளைஞர். போஷோவர் வழியிலேயே செத்துப்போனார். 1620-ல் இலங்கை போய்ச் சேர்ந்தால், கண்டி ராஜா அந்த ஒப்பந்தத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. வந்த காரியம் அங்கேயே முடிந்தது.

காப்பாற்றியது ஒரு விபத்து. முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்த ஒரு கப்பலைப் போர்ச்சுக்கீசியர் காரைக்கால் அருகே அழித்துவிட, அதிலிருந்த கிராப்பே என்ற டச்சு வியாபாரி ஒரு சிலரோடு தப்பி, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். நாயக்கருக்கும் தன் கடற்கரையில் போர்ச்சுக்கீசியரைத் தவிர இன்னொரு வியாபாரி இருந்தால் லாபம்தானே. 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. தரங்கம்பாடியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும் டேனிஷ் கம்பெனிக்கு. ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய் என்று சொல்வார்கள். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய ஓலை இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஆக, இலங்கைக்குக் கடை போட வந்தவர்கள் காவிரி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இடம் பிடித்துக் கடை போட்டார்கள். டான்ஸ்போர்க் கோட்டை எழும்பியது. 1306-ல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலுக்குக் கூப்பிடு தூரம்.

நஷ்டம் எங்கே வந்தது? கணக்கு எளிது. 1622-க்கும் 1637-க்கும் நடுவே டென்மார்க்கிலிருந்து 18 கப்பல்கள் கிளம்பின. திரும்பிப் போய்ச் சேர்ந்தவை ஏழு. பத்து மூட்டை அனுப்பினால் நாலு மூட்டைதான் வரும் என்றால் எந்தக் கடை தாங்கும்? போதாக்குறைக்கு ராஜா 1625-ல் ஜெர்மனியில் நடந்துகொண்டிருந்த முப்பதாண்டுப் போரில் இறங்கித் தோற்றார். கம்பெனிக்குப் போகவேண்டிய பணம் போருக்குப் போனது. 1627 வாக்கில் தரங்கம்பாடியிடம் மிஞ்சியவை மூன்று கப்பல்கள். நாயக்கருக்குக் கட்டவேண்டிய குத்தகைப் பணம்கூட இல்லை.

1628-ல் பங்குதாரர்கள் போதும், கலைத்துவிடுவோம் என்றார்கள். ராஜா முடியாது என்றுவிட்டார். மூட வேண்டிய நேரத்தில் மூடவும் இல்லை, நடத்த வேண்டிய முதலைப் போடவும் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் வேலைக்காரர்களுக்கு மிகவும் மோசமானது. மூடினால் வேறு வேலை தேடலாம். நடந்தால் சம்பளம் வாங்கலாம். இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் தொங்கினால்?

கிராப்பே 1636-ல் ஊருக்குப் போனார். அடுத்து வந்த பெசார்ட், மசூலிப்பட்டினம் வரைக்கும் கடன் வாங்கி வைத்தார். கோட்டையை டச்சுக்காரர்களுக்கு விற்கவும் பேச்சு நடந்தது, வாங்க அவர்கள் தயாராக இல்லை. 1642-ல் வங்காளத்தில் தங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஈடு என்று சொல்லி, மொகலாயர்மீதே போர் அறிவித்துவிட்டார்கள்! விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு மொகலாயப் பேரரசின்மீது போர். நடைமுறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வங்காள விரிகுடாவில் போகிற சரக்குக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடித்து, தரங்கம்பாடியில் கொண்டுவந்து விற்பது.

1639-ல் கோபன்ஹேகனிலிருந்து இரண்டு கப்பல்கள் கிளம்பின. அதில் வந்த லேயல் என்பவர் கேனரித் தீவில் மாட்டிக்கொண்டு, தாமதமாக 1643-ல் வந்து சேர்ந்தார். கணக்கைச் சரிபார்த்து நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இருந்தது. பெசார்ட் விடவில்லை. புது மேனேஜர் தன் சொந்தக் கம்பெனியின் கோட்டையையே மடக்கிப் பிடிக்கவேண்டி வந்தது. பெசார்ட் தப்பி ஓடினார். லேயல் ஓரளவு ஒழுங்கு கொண்டுவந்தார், உள்ளூர்க் கடல் வியாபாரத்தைத் திரும்ப ஓட்டினார். ஆனால் 1648-ல் அவருடைய ஆட்களே கலகம் செய்து அவரை இறக்கினார்கள். கோர்சோர் என்பவர் தலைவரானார்.

அதே 1648-ல் நான்காம் கிறிஸ்டியன் இறந்தார். அடுத்து வந்த மூன்றாம் பிரெடரிக் 1650-ல் கம்பெனியைக் கலைத்தார். கோபன்ஹேகனில் ஒரு கையெழுத்து, கதை முடிந்தது.

தரங்கம்பாடியில் முடியவில்லை. 1639-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பலே அனுப்பவில்லை என்பதுதான் விஷயம். கலைத்தவர்கள் இங்கே இருந்தவர்களைத் திருப்பி அழைத்துப் போகவும் கப்பல் அனுப்பவில்லை. சம்பள பாக்கி, கணக்குத் தீர்வை என்று ஒன்றும் கிடையாது. ஐரோப்பியர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1655-ல் கோர்சோரும் செத்தார்.

மிஞ்சியவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கெ. அதிகாரி இல்லை, வியாபாரி இல்லை, பிரபு வம்சமும் இல்லை. சாதாரண ஆள். கோட்டையில் இருந்த கடைசி டேனிஷ்காரர் அவர் ஒருவர்தான் என்கிறார்கள். பெயரை வைத்துப் பார்த்தால் சொந்த ஊர் கோங்ஸ்பக்கெ. அந்த ஊரும் அந்தச் சமயத்தில் டென்மார்க்கின் கையைவிட்டு சுவீடனுக்குப் போய்விட்டது. வேலை கொடுத்த கம்பெனி இல்லை, பிறந்த ஊர் தன் ராஜாவிடம் இல்லை, கொடி மட்டும் பறக்கிறது.

அவர் என்ன செய்தார்? உள்ளூர் ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக் கோட்டையைக் காத்தார். குத்தகை பாக்கிக்காரனை நாயக்கர் சும்மா விடுவாரா? விஜயராகவ நாயக்கரின் படைகள் வந்தன, தாக்குப்பிடித்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கடைசியில் நாயக்கரோடு ஒரு உடன்பாட்டுக்கும் வந்தார். கப்பல் அனுப்பச் சொல்லி, வேறு நாட்டுக் கப்பல்கள் மூலமாக டென்மார்க்குக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1658-ல் பக்கத்து நாகப்பட்டினம் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. அவ்வளவு பெரிய துறைமுகம் கைமாறிய காலத்தில் இந்தச் சின்ன இடம் மாறவில்லை.

ஒருவழியாக 1668-ல் ஃபேரோ என்ற கப்பலை அனுப்பினார்கள். 1669 மே மாதம் அது தரங்கம்பாடி வந்தது. அவரைத் தலைவராக உறுதிசெய்யும் உத்தரவும் அதில் வந்தது. 14 வருஷமாக அவர் பார்த்துவந்த வேலைக்கு அன்றைக்குத்தான் ஆர்டர் கிடைத்தது! 1670-ல் புதுக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதுவும் 1729-ல் நொடித்தது, 1732-ல் இன்னொன்று வந்தது. 1845-ல் செராம்பூரோடு சேர்த்துத் தரங்கம்பாடியை இங்கிலீஷ் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். அந்த ஒரு ஆள் 1655-ல் கோட்டையை விட்டிருந்தால், சீகன்பால்கு வந்து இறங்க டேனிஷ் ஊர் இருந்திருக்காது. தமிழ் அச்சு வரலாறும் வேறு மாதிரி போயிருக்கும்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல வீரக்கதை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கம்பெனி பணம் அனுப்பவில்லை. மதில் கட்டவும் ஆட்களுக்குக் கூலி கொடுக்கவும் காசு எங்கிருந்து வந்தது? பழைய வழிதான். வங்காள விரிகுடாவில் போன கப்பல்களைப் பிடித்த வருமானம். மொகலாயர்மீது அறிவித்த அந்தப் போர் முறைப்படி முடிந்தது 1698-ல்தான். அத்தனை வருஷமும் வங்காளத்துக் கப்பல்கள் குறிவைக்கப்பட்டன. கம்பெனியைக் காப்பாற்றிய பில்லைக் கட்டியவர்கள் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத வியாபாரிகளும் மாலுமிகளும். கோங்ஸ்பக்கெ பெயராவது வரலாற்றில் இருக்கிறது. பறிகொடுத்தவர்கள் பெயர் இல்லை, அவரிடம் கூலி வாங்கிக் கோட்டையைக் காத்த நம்மூர் ஆட்களின் பெயரும் இல்லை.

இந்தக் கதை எனக்குள் ஒட்டிக்கொண்டதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் பெரியப்பா மாயவரம் பக்கம் ஒரு சின்ன அரவை மில் வைத்திருந்தார். ஆறு பேர் வேலை. பக்கத்தில் பெரிய மில் வந்ததும், ஊர்க்காரர்கள் அரைக்க வருவது குறைந்தது. மூடலாமா வேண்டாமா என்று மூன்று வருஷம் இழுத்தார். கரண்ட் பில் கட்டக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன். ஒருநாள் பூட்டியாயிற்று. வாட்ச்மேன் தாத்தா மட்டும் அதற்குப் பிறகும் தினமும் ராத்திரி வந்து களத்தில் படுத்துக்கொள்வார். "ஏன் தாத்தா, மில்லுதான் இல்லையே?" என்று கேட்டேன். "மிஷினு உள்ளதானே தம்பி இருக்கு. என்னை நிறுத்திட்டேன்னு உங்க பெரியப்பா இன்னும் சொல்லலையே" என்றார்.

சொல்லவில்லை என்பது உண்மை. சொன்னால் பாக்கியைக் கொடுக்கவேண்டும், கொடுக்கக் கையில் இல்லை. அதனால் பெரியப்பா அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். கடைசியில் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டு ஆறு பேர் கணக்கையும் தீர்த்தார். முதல் வருஷமே செய்திருந்தால் கூடவே கொஞ்சம் பணமும் கொடுத்திருக்கலாம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கோபன்ஹேகனில் 1650-ல் கையெழுத்துப் போட்டவர்கள் பெரியப்பா மாதிரி வருத்தப்பட்டார்களா, தெரியாது. ஒரு தொழிலை மூடுவது தப்பில்லை. மூடிவிட்டோம் என்று அங்கே நிற்கிற ஆளிடம் போய்ச் சொல்லி, கணக்கைத் தீர்த்து, வீடு போய்ச்சேர வழி செய்யாமல் விடுவதுதான் தப்பு. அடுத்த தடவை தரங்கம்பாடி போனால் கோட்டைக்கு உள்ளே போவதற்கு முன்னால் ஊர்வாசல் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். இன்று நிற்கும் வாசல் பிற்காலத்தியது. ஆனால் ஊரைச் சுற்றி மதில் என்று ஒன்றை முதலில் எழுப்பியவர், கம்பெனி கைவிட்டுப் போன ஒரு சாதாரண ஆள்தான்.