ஜென்மராக்கினி மாதா கோவில், புதுச்சேரி

புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள கத்தோலிக்கப் பேராலயம். மக்கள் வழக்கில் சம்பா கோவில். பிரெஞ்சு இயேசு சபையினர் 1692இல் எழுப்பிய முதல் ஆலயம், அடுத்த ஆண்டே டச்சுப் படையெடுப்பில் அழிந்தது. பின்னர் எழுந்த பெரிய ஆலயத்தை 1761இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். அந்த இடிபாடுகளின் மேல் 1770இல் தொடங்கிய பணி 1791இல் நிறைவுற்றது. இடையில் இயேசு சபை கலைக்கப்பட்டதால், பொறுப்பு பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக்கு மாறியது.

முகப்பில் இரட்டை இரட்டையாகத் தூண்கள்: கீழ்த்தளத்தில் டோரிக், மேல்தளத்தில் அயோனிக். நடுக் குவிமாடத்தின் எட்டு வட்டத் திறப்புகள் வழியே இறங்கும் ஒளிதான் இக்கட்டடத்தின் பேரழகு. காலை வேளையில் பார்ப்பது நல்லது.

ஆலயத்தின் வரலாற்றில் ஒரு வடுவும் உண்டு. அருகில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில், ஆங்கிலேயரின் 1748 முற்றுகையின்போது பிரெஞ்சு ஆட்சியினரால் இடிக்கப்பட்டது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் வேதனையோடு பதிவு செய்துள்ளார். அதை விட்டுவிட்டு இந்த ஆலயத்தின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

மலேசியத் தமிழருக்கு இங்கே ஒரு பழைய உறவு உண்டு. பாரிஸ் சபையின் ஆசியக் குருமடம் 1770 முதல் 1782 வரை புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் இயங்கியது. 1808இல் பினாங்கில் மீண்டும் தொடங்கியது. மலேசியாவிலிருந்து வருவோர், கோயில் இடிப்பு பற்றிய ஆனந்தரங்கப் பிள்ளையின் 1748ஆம் ஆண்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருவது நலம்.