நாலாயிரத்துப் பதினாறு கோட்டைகள்

1997-இல் சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் ‘மெடீவல் மேட்னெஸ்’ என்ற பின்பால் இயந்திரத்தை வெளியிட்டபோது அந்தத் தொழில் படுத்துக்கொண்டிருந்தது. பையன்களின் சில்லறையெல்லாம் வீடியோ கேமுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 1992-இல் அதே நிறுவனம் ‘பேலி’ என்ற பெயரில் கொண்டுவந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,270 இயந்திரங்கள் விற்றது. ஐந்து வருடம் கழித்து வந்த மெடீவல் மேட்னெஸ் 4,016-உடன் நின்றுவிட்டது.

ஆட்டம் என்னவோ அருமையான ஆட்டம். வடிவமைத்தவர் பிரையன் எடி, நிரல் எழுதியவர் லைமன் ஷீட்ஸ். கண்ணாடிக்கு அடியில், பலகையின் நடுவே ஒரு கோட்டை. எண்பது கிராம் எடையுள்ள எஃகுப் பந்தால் அடிக்க அடிக்கத் தூக்குப்பாலம் இறங்கும், இரும்புக் கதவு ஏறும், கடைசியில் கோபுரங்கள் ஆட்டங்கண்டு சரியும். திடீரென்று பலகைக்குள்ளிருந்து இரண்டு பூதத் தலைகள் எழும்பி வசை பாடும். இளவரசிகளுக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் டீனா ஃபே. அப்போது சிகாகோ நாடக மேடைக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு.

இந்த இயந்திரங்களை ஆட்டக்காரர்கள் வாங்கவில்லை, ஆபரேட்டர்கள் வாங்கினார்கள். மதுக்கடையிலோ பௌலிங் கூடத்திலோ பீட்சாக் கடையிலோ ஒன்றை நிறுத்துவார்கள். விழும் நாணயத்தைக் கடைக்காரரோடு பங்கு பிரித்துக்கொள்வார்கள். வசூல் குறைந்தால் வேறு கடை, அங்கும் குறைந்தால் கிடங்கு. சிகரெட் புகை, சிந்திய பீர், ஜன்னல் வெயில், தோற்றவனின் உதை எல்லாம் அதன் உடம்பில் ஏறின. 1999 அக்டோபரில் வில்லியம்ஸ் பின்பால் பிரிவையே மூடியது. வில்லியம்ஸிடமிருந்து இனி புதிதாக ஒன்று வராது என்றான அந்த நாளில்தான் இந்தப் பெட்டிகள் பழைய சாமான் என்ற நிலையிலிருந்து சேகரிப்புப் பொருளாக மாறத் தொடங்கின.

சிறுவயதில் நாணயம் போட்டு ஆடியவர்கள் சம்பாதித்து வீடு வாங்கினார்கள். வீட்டின் நிலவறைக்கு ஒரு மெடீவல் மேட்னெஸ் தேடினார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் நல்ல நிலையிலுள்ள ஒன்றின் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. அபூர்வம்தான் காரணம் என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ஆயிரத்துக்கும் குறைவாகச் செய்யப்பட்ட எழுபதுகளின் பெட்டிகள் எத்தனையோ இன்றும் சொற்ப விலைக்குப் போகின்றன. இருபதாயிரத்துக்கு மேல் விற்ற ஆடம்ஸ் ஃபேமிலிக்கோ இன்னும் போட்டி. எத்தனை பேர் அதை ஆட ஏங்குகிறார்கள் என்பதிலிருந்துதான் விலை தொடங்குகிறது. எத்தனை மிச்சம் இருக்கின்றன என்ற கணக்கு அதற்குப் பிறகுதான்.

இப்படிப்பட்ட ஒரு பெட்டியின் விலையை மதிப்பிடுபவர் முதலில் எடுப்பது அண்மையில் உண்மையாகவே கைமாறிய விலைகளை. விளம்பரத்தில் கேட்கும் விலை கணக்கில் சேராது. யாரும் எதையும் கேட்கலாம். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பலகையைப் பார்ப்பார். பந்து ஓயாமல் விழும் குழிகளின் விளிம்பில் வண்ணம் போய் மரம் தெரிகிறதா? சாயம் தீட்டி மறைத்திருக்கிறார்களா? பலகையே பின்னாளில் செய்த நகலா? வெயில் முதலில் தின்பது சிவப்பை. அதனால் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் ஜன்னலோரம் நின்றது என்று தெரிந்துவிடும். அடுத்து, ஸ்கோர் தெரியும் பின்பெட்டியைத் திறப்பார். மின்பலகையில் மூன்று சின்ன பேட்டரிகள், அதிக ஸ்கோர்களை நினைவில் வைக்க இருப்பவை. மாற்ற மறந்தால் காரம் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். வெளியே பளபளக்கும் எத்தனையோ பெட்டிகளின் விலை இந்த இடத்தில்தான் சரிகிறது.

‘வீட்டில் மட்டுமே ஆடியது’ என்ற வாசகத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகமே வரும். நாணயக் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பொத்தான்களை அழுத்தினால், இதுவரை எத்தனை ஆட்டம் என்ற கணக்கைத் திரை காட்டும். அதையும் அழித்துவிடலாம் என்பது வேறு விஷயம். ஆனால் நாணயத் துவாரத்தைச் சுற்றிய கீறல்களை அழிப்பது அவ்வளவு எளிதல்ல.

இதற்கிடையே ஒரு திருப்பம். 2015-இல் சிகாகோ கேமிங் என்ற நிறுவனம் உரிமம் பெற்று மெடீவல் மேட்னெஸை மறுபடி தயாரித்தது. அப்போது விலை சுமார் எட்டாயிரம் டாலர். அதே கோட்டை, அதே குரல்கள். உள்ளே புதிய மின்னணு, எல்.இ.டி. விளக்கு. நம்மூர் சினிமாவில் ரீமேக் வந்தால் பழைய படத்தின் மவுசு கூடுவதும் உண்டு. இங்கே அசலின் விலைதான் அடிவாங்கியது. ஆடுவதற்காகத் தேடியவர்களில் பலர் புதியதை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். அசலே வேண்டும் என்றவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஆடும் சுகத்துக்கு ஒரு விலை, 1997-க்கு ஒரு விலை என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தது அப்போதுதான். மதிப்பிடுபவருக்கு அது பெரிய உதவி.

பிறகு கொரோனா வந்தது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் வீட்டுக்குள் ஆடும் பொருளுக்குப் பணத்தைக் கொட்டினார்கள். கலிஃபோர்னியாவின் பானிங் நகரில் இருந்த பின்பால் அருங்காட்சியகம் மூடப்பட்டு, 2021 செப்டம்பரில் அதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் ஏலத்துக்கு வந்தபோது, பழகிய சேகரிப்பாளர்களே திகைக்கும் விலைகள் விழுந்தன. அந்த மாதிரி ஒரு கூட்டத்தின் விலையை அடுத்த ஏலத்துக்கு அளவுகோலாக வைப்பவர் ஏமாறுவார். இரண்டு பேர் விடாப்பிடியாக மோதிக்கொண்டால் எந்தப் பெட்டியும் ஒரு நாளைக்கு அபூர்வமாகிவிடும்.

ஆகவே நேர்மையான மதிப்பீடு ஒற்றை எண்ணாக வராது. இதற்கும் இதற்கும் இடையே என்றுதான் வரும். அதன்மேல் ஏலக் கம்பெனியின் கமிஷன், நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியை ஏற்றி இறக்கும் கூலி, பழுதுக்கு ஒரு தொகை எல்லாம் சேரும். எப்போதாவது இப்படி ஒரு ஏலத்தில் நிற்க நேர்ந்தால், கண்ணாடியையும் பின்பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கையைத் தூக்காதீர்கள்.