வாந்திபேதியும் வட்டுக்கோட்டையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பன்முறை வாட்டிய கொள்ளைநோய் வாந்திபேதியாகும். காலையில் வயலுக்குச் சென்றவன் மறுநாட் காலையைக் காணாது மாண்ட காலம் அது. அந்நோய்க்கு அம்மன் சீற்றமே காரணமென்று ஊரவர் அஞ்சினர்; மேனாட்டு மருத்துவருட் பலரோ கெட்ட காற்றே காரணமெனக் கருதினர். அசுத்த நீரே நோயைப் பரப்புகின்றது என்பதற்கு லண்டன் மருத்துவர் ஜோன் ஸ்னோ 1854ஆம் ஆண்டிலே தக்க சான்று காட்டினார். ஆயினும், அவர் கருத்தை உலகம் ஏற்கப் பல்லாண்டுகள் சென்றன. வற்றாத ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணத்திலே மக்கள் உண்டது கிணற்றுநீர். நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே மேற்பரப்பின் அழுக்கு அந்நீரிற் சென்று கலத்தல் எளிது.

இத்தகைய நாட்டிலேதான் அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் வந்து தங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையிலே அவர்கள் நிறுவிய செமினறிக்கு டானியேல் பூவர் முதல் அதிபரானார். சமயக் கல்விக்கென எழுந்த அக்கழகத்திலே கணிதமும் வானநூலும் தமிழும் வடமொழியும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன.

1847இல் மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். கொள்ளைநோய் பல ஊர்களிலும் ஒருங்கே புகுங்கால், மருத்துவர் ஒருவர் எத்துணைப் பேரைக் காப்பாற்றல் கூடும்? ஊர்தோறும் மருத்துவர் வேண்டும். அவர் அவ்வூர் மக்களாகவே இருத்தல் வேண்டும். ஆகவே, 1848இல் அவர் மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். மானிப்பாய் அவரது பணியின் நிலைக்களமாயிற்று. செமினறியிற் பெற்ற அறிவியற் பயிற்சி, தொடக்க மாணவர்க்குப் பெருந்துணையாக அமைந்தது.

எனினும், நோய் ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை. 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி, டானியேல் பூவர் மானிப்பாயிலே வாந்திபேதிக்கு இரையானார். மருத்துவசாலை இருந்த ஊரிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு ஆங்கிலக் கல்வியைக் குறைத்துத் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியது, செமினறியும் மூடப்பட்டது.

அதிபர் மறைந்தார், கழகமும் மூடியது, மருத்துவக் கல்வியோ நின்றுவிடவில்லை. 1857இல் தாயகஞ் சென்ற கிறீன் 1862இல் மீண்டு வந்து, தமிழிலேயே மருத்துவங் கற்பிக்கலானார். ஆங்கிலம் அறிந்த இளைஞர் உத்தியோகம் நாடி ஊரை விட்டகலுதலை அவர் கண்டிருந்தார். தமிழிற் கற்றவனோ தன் ஊரவரிடையே நிலைத்திருப்பான். நோயின் இயல்பை அவர்தம் சொல்லிலேயே விளக்குவான்.

இதன்பொருட்டு நூல்கள் எழுந்தன. 1867இல் ‘இரணவைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என்பன வெளிவந்தன. அதுவரை தமிழில் இல்லாத கலைச்சொற்கள் தமிழினின்றும் வடமொழியினின்றும் ஆக்கப்பட்டன. கிறீனிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்.

வாந்திபேதியை அக்கால மருத்துவம் வென்றதெனல் பொருந்தாது. நோயாளி இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே உயிர்காக்கும் வழியென்பது பின்னரே நிலைபெற்றது. ஆயினும், மருத்துவ அறிவு சிலர் கைப்பொருளாய் நில்லாது ஊரார் மொழியிற் பரவுதல் வேண்டும் என்பதை அச்சிறு கூட்டம் செயலிற் காட்டிற்று. 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டகன்ற கிறீன் 1884இல் அமெரிக்காவிலே காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் புரிந்தவர் என்ற குறிப்பே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.