சேலத்து மாணவரும் அரசு உதவித்தொகையும்

ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் சென்னை மாகாணக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1885-இல் வந்த மானிய உதவி விதிகள் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை அளித்தன. 'கல்வியில் பின்தங்கியோர்' என்ற பட்டியலும் முதலில் கட்டணச் சலுகைக்காகவே எழுதப்பட்டது. வேலை ஒதுக்கீடு பிறகு வந்தது.

கல்லூரிப் படிப்புக்கென்று பெரிய உதவி 1944-இல் பிறந்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் வற்புறுத்தியதால், பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையின் தொடக்கம் அதுதான். 1948-இல் அது பழங்குடியினருக்கும் விரிந்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளி இனப் பிள்ளைகள் சமவெளிக்கு இறங்கிவந்து படிக்க இந்தத் தொகை பெருந்துணை. கட்டணத்தோடு பராமரிப்புப் படியும் இதில் அடங்கும். விடுதியில் தங்குவோருக்கு அது கூடுதல்.

படிக்கும் இடங்களும் கூடின. 1961-இல் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி தொடங்கியது. வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய வீட்டுப் பெண்களுக்குச் சேலத்துக்குள்ளேயே பட்டப்படிப்புக்கு வழி பிறந்தது. 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது.

வருமானத்தை அளவுகோலாக்கும் முயற்சிக்குத் தமிழ்நாட்டில் ஒரு கசப்பான கட்டம் உண்டு. 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டிய பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஆணையிட்டது. எதிர்ப்பு மூண்டது. 1980 மக்களவைத் தேர்தலில் எம்.ஜி.ஆரின் கட்சி தோற்றதும் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆனது. கல்லூரி இடத்துக்கு வருமானம் பார்ப்பதில்லை, உதவிப் பணத்துக்குப் பார்ப்பதுண்டு என்ற நிலை அதன்பின் உறுதிப்பட்டது. இது சரியான பிரிவினை. இடம் சமூக நீதியின் கணக்கு, பணம் வீட்டு நிலைமையின் கணக்கு.

ஆனால் வீட்டு நிலைமையை எப்படி அளப்பது? அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிப் பின்னர் 'பெல்' மானியம் எனப் பெயர் பெற்ற உதவிக்கு வருமான வரிக் கணக்கே பெரும்பாலும் சான்றாகிறது. சேலத்தில் தறி ஓட்டுபவருக்கும் நாமக்கல் லாரி ஓட்டுநருக்கும் கோழிப்பண்ணைக் கூலியாளுக்கும் வரிக் கணக்கும் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. அதனால் இங்கே எல்லாம் வருமானச் சான்றிதழில் வந்து நிற்கிறது. இ-சேவை மையத்தில் குடும்ப அட்டையும் ஆதாரும் கொடுத்து விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதுவார். வருவாய் ஆய்வாளர் பார்ப்பார். வட்டாட்சியர் அலுவலகம் ஒப்புதல் தரும். நடை வந்த மாதம், வராத மாதம் என்று ஏறியிறங்கும் பிழைப்பு அந்தத் தாளில் ஒரே தொகையாகிவிடும். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவையும் சேர்ந்தால்தான் விண்ணப்பம் முழுமையாகும். கணக்கில் ஆதார் இணைப்பு விட்டுப்போனால் தொகை வந்து சேராது.

2010-இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2012-இன் 92-ஆம் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க வழி செய்தது. 2020 டிசம்பரில் பட்டியல் சாதியினருக்கான மெட்ரிக் மேற்படிப்புத் திட்டச் செலவை ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 எனப் பகிர முடிவானது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் வருமானச் சான்று கேட்கவில்லை: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவர்களுக்கும் அதே தொகையைத் தந்தது. படித்த பள்ளியையே வறுமையின் சான்றாக ஏற்றது நல்ல எளிமை.

மெட்ரிக் மேற்படிப்பு உதவிக்கான வருமான வரம்பு மட்டும் 2013 முதல் 2.5 லட்சம் ரூபாயிலேயே நிற்கிறது. மாதத்துக்கு 20,833 ரூபாய். கணவனும் மனைவியும் தறிக்குப் போனால் தாண்டிவிடக்கூடிய தொகை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 2019-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த 10 விழுக்காடு ஒதுக்கீட்டில் ஏழ்மையின் வரம்பு 8 லட்சம். ஒரே நாட்டில் ஏழ்மைக்கு இரண்டு அளவு இருப்பது நியாயமில்லை, 2.5 லட்சத்தை உயர்த்தியே ஆக வேண்டும்.