செருப்பைக் கடித்த நாயைச் சாயங்காலம் திட்டினால் புரியுமா? விலங்குகள் கற்கும் 'டைமிங்' ரகசியம்!

காலையில் செருப்பைக் குதறிய நாயை, ஆபீஸ் முடிந்து வந்து திட்டுகிறீர்களா? பலன் இல்லை. காரணம், டைமிங்!

பாவ்லோவ் கண்டது என்ன?

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், நாய்களுக்கு ஒரு சத்தத்தைக் கேட்கவைத்து, உடனே உணவு கொடுத்தார். சில நாட்களில் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறியது. ஆனால் உணவு முதலில், சத்தம் பிறகு என்று வரிசை மாறினால், நாய் சரியாகக் கற்பதில்லை. 'அடுத்து என்ன வரப்போகுது' என்று முன்கூட்டியே சொல்லும் சத்தத்துக்குத்தான் மதிப்பு.

எவ்வளவு இடைவெளி?

அது கற்கும் விஷயத்தைப் பொறுத்தது. ஒரு ஒலி எழுப்பி, முயலின் கண்ணில் காற்றை ஊதினால், சீக்கிரமே ஒலி கேட்டதும் கண்ணை மூடப் பழகிவிடும். இதற்குக் கால் முதல் அரை நொடி இடைவெளி பொருத்தமானது. சில நொடிகள் தாண்டினால் கற்பது கஷ்டம்.

ஒரு விதிவிலக்கு

சுவைக்கு மட்டும் கணக்கே வேற. இனிப்பு நீர் குடித்த எலிக்குப் பிறகு குமட்டல் வந்தால், அந்தச் சுவையையே அது ஒதுக்கிவிடும். 1950, 60-களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா இதைக் காட்டினார். பல மணி நேரம் கழித்துக் குமட்டல் வந்தாலும் இது நடக்கும் என்று பின்னர் தெரியவந்தது. கெட்ட உணவு வயிற்றைப் படுத்த நேரமாகும் இல்லையா?

அப்போ என்ன செய்யலாம்?

நாய் சொன்னபடி கேட்ட அந்த நொடியே பிஸ்கட் கொடுங்கள். சாயங்காலத் திட்டை அது செருப்போடு சேர்க்காது. உங்கள் வருகையோடு சேர்க்கும். பிறகு நீங்கள் கதவைத் திறந்தாலே பயந்து ஒதுங்கும்!