பழுதுபார்க்கப் போன நடராஜர்

1951-இல் கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள சிவபுரத்தில் ஒரு குடியானவர் மண்ணைத் தோண்டியபோது ஆறு செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றில் ஒருவர் நடராஜர். பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வேலை. புதையல் என்பதால் அரசின் கைக்குப் போனவரை, ஓரிரு ஆண்டில் கலெக்டர் ஊர்க்கோயிலுக்கே கொடுத்துவிட்டார். பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த மேனி. செப்பனிட்டு வைக்கலாம் என்று 1954-இல் ஒரு ஸ்தபதியிடம் ஒப்படைத்தார்கள். அதுதான் வினை.

பட்டறையிலிருந்து கோயிலுக்குத் திரும்பியது வேறு நடராஜர். அசலை மறைத்துவைத்துப் போலியை அனுப்பிவிட்டார்கள். இது லேசான வேலை அல்ல. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். ஆறினதும் அச்சை உடைத்தால்தான் சுவாமி வெளியே வருவார். அதே அச்சில் இன்னொன்று எடுக்க முடியாது. ஆக, போலிக்கும் முதலிலிருந்து அத்தனை பாடும் படவேண்டும். திருவாசி, சடை, தூக்கிய திருவடி என்று எல்லாம் அப்படியே இருந்திருக்கும் போலிருக்கிறது. ஏறத்தாழ பத்து வருஷம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சோழன் காலத்துக் கைத்திறன் டெல்டாவில் அழிந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்!

அசல் பம்பாய்க்குப் போய் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் இருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், 1965-இல் வெளிவந்த சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய தன் நூலில், கோயிலில் இருப்பது போலி, அசல் தனியார் கையில் இருக்கிறது என்று எழுதிவிட்டார். அப்படி அச்சில் வந்த பிறகுதான் சிலை கடல் தாண்டியது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பழங்கலைப் பொருளை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1947-லேயே சட்டம் இருந்தது. 1969-இல் நியூயார்க் வியாபாரி பென் ஹெல்லர் வாங்கினார். 1973-இல் கலிபோர்னியக் கோடீஸ்வரர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளைக்கு விற்றார். விலை சுமார் 9 லட்சம் டாலர்.

பழைய கார் வாங்கி விற்பவர்கள் இன்ஜினுக்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைத்தான் கேட்பார்கள். சிலை வியாபாரத்தில் அன்றைக்கு அதைக் கேட்க ஆள் இல்லை. கை மாற மாற விலை ஏறியது. எந்த ஊர்ச் சுவாமி என்ற கேள்வி மட்டும் தேய்ந்துகொண்டே போனது.

சிலை மாட்டிக்கொண்டதும் பழுதுபார்க்கப் போன இடத்தில்தான். சைமன் அதை லண்டனில் ஆன்னா பிளவுடன் என்ற பாதுகாப்பு நிபுணரின் பட்டறைக்கு அனுப்பியிருந்தார். ஸ்காட்லாந்து யார்டு அங்கே வந்து சேர்ந்தது. இந்திய அரசு வழக்குப் போட்டது. 1976-இல் சமரசம்: சிலை இந்தியாவுக்குச் சொந்தம், ஆனால் பத்து ஆண்டுகள் சைமனின் மியூசியத்தில் காட்சிக்கு இருக்கும். திருடுபோன பொருளுக்கு இப்படித் தவணை கொடுத்ததை ராஜதந்திரம் என்று சொல்லுவார்கள். எனக்கு அது மலிவான பேரமாகவே படுகிறது. 1986-இல் நடராஜர் தாயகம் திரும்பினார். ஆனால் சிவபுரம் கோயிலுக்கு அல்ல, பாதுகாப்புப் பெட்டகத்துக்கு.

திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூர் நடராஜர் கதை வேறுவிதம். 1976-இல் மண்ணிலிருந்து வந்தவர், 1982-இல் ஒரு கனடா நிறுவனத்தின் கைக்குப் போனார். அவரும் பராமரிப்புக்காக பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோதுதான் போலீஸ் கைப்பற்றியது. இம்முறை சமரசம் இல்லை. இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலே ஒரு வாதியாக லண்டன் நீதிமன்றத்தில் நின்றது. கோயிலும் சட்டப்படி ஓர் ஆள்தான், தன் சிலையைக் கேட்டு வழக்காடலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1991-இல் சிலை நாடு திரும்பியது, பத்தாண்டுத் தவணை ஏதுமில்லாமல்.