பின்வரிசை உறுப்பினர் ஒருவரின் பணி

தனித்தொகுதிகளின் வழியே பாராளுமன்றம் சென்ற நம் முன்னோடிகளைக் குறித்து நம்மவர்களே இருவிதமாகப் பேசக் கேட்டிருக்கிறோம். கட்சி காட்டிய பக்கம் கை தூக்கியதன்றி வேறென்ன செய்தார் என்று ஏளனம் செய்வோர் ஒரு சாரார். சிங்கமென முழங்கினார் என்று மேடைதோறும் புகழ்வோர் மற்றொரு சாரார். இருவருமே ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அல்லர். ஓர் உறுப்பினரின் உழைப்பை எங்கே தேடிக் காண வேண்டும் என்பதைத் தென்னார்க்காடு மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்த எல். இளையபெருமாள் அவர்களின் வரலாற்றைக் கொண்டு நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

1924இல் பிறந்த இளையபெருமாள் 1952இல் கடலூரிலிருந்தும், 1957இல் சிதம்பரத்திலிருந்தும், 1962இல் திருக்கோயிலூரிலிருந்தும் காங்கிரஸ் உறுப்பினராக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். முன்னிரண்டும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒரே தொகுதிக்கு இரண்டு இடங்கள். அவற்றுள் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு உரியது. இம்முறை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. பதினைந்து ஆண்டுகள் அவையில் இருந்தும் அவர் அமைச்சர் பதவி எதையும் வகித்தவரல்லர்.

இத்தகைய உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று கேட்பது நியாயமே. ஆனால் அக்கேள்விக்கு ஏடுகள் தரும் விடை மிகச் சிறிது. மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்போர் குரலையும் 'இல்லை' என்போர் குரலையும் கேட்டு அவைத்தலைவர் முடிவை அறிவித்துவிடுவார். எவர் பெயரும் பதிவாவதில்லை. அம்முடிவை ஏற்காது எவரேனும் எழுந்து கோரினால்தான் பிரித்து எண்ணுவார்கள். அரசியலமைப்புத் திருத்தத்திற்கு மட்டும், மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் வேண்டுமாதலால், எண்ணியே ஆக வேண்டும். அங்கும் கொறடாவின் உத்தரவு உண்டு. உத்தரவை மீறினால் பதவி பறிபோகும் என்னும் கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985இல்தான் வந்தது. அதற்கு முன்னரோ, அடுத்த தேர்தலில் இடம் கிடைக்காது என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. தனித்தொகுதி உறுப்பினருக்கு மற்றொரு கட்டும் உண்டு. அவரைத் தேர்ந்தெடுப்போரில் பெரும்பாலோர் பிற சாதியினர். 1932ஆம் ஆண்டுப் புனா ஒப்பந்தத்தின் விளைவு இது. அதன் நன்மை தீமைகளை இங்கே விரித்துரைக்கப் புகவில்லை. ஆகவே அக்காலத்து ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரின் வாக்கு, கட்சியின் மனத்தைக் காட்டுமேயன்றி அவர் மனத்தைக் காட்டாது.

அவர் மனத்தைக் காட்டுவது குழுப்பணி. 1965 ஏப்ரலில் மத்திய அரசு, தீண்டாமை நிலையையும் தாழ்த்தப்பட்டோரின் பொருளாதார, கல்வி முன்னேற்றத்தையும் ஆராய ஒரு குழுவை நிறுவி, அதன் தலைவராக இளையபெருமாளை அமர்த்தியது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 ஜூன் முதல் நடப்பில் இருந்தும் சேரியின் நிலை மாறவில்லை என்பதே இக்குழுவின் தேவைக்குக் காரணம். கிணறு, கோயில், தேநீர்க்கடை, முடிதிருத்தகம் என எங்கெங்கே தடை நிற்கிறது என்பதைக் குழு ஆராய்ந்து எழுதியது. 1967 தேர்தலுக்குப் பின் இளையபெருமாள் மக்களவையில் இல்லை. குழுத்தலைவர் பொறுப்பு மட்டும் தொடர்ந்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழைத் தஞ்சையின் வெண்மணியில் நாற்பத்து நால்வர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அடுத்த மாதம், 1969 ஜனவரியில், குழுவின் அறிக்கை அரசிடம் சேர்ந்தது. அவ்வறிக்கையைப் படிப்போர் இவ்விரு தேதிகளையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

அறிக்கையால் விளைந்தது என்ன? 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தீண்டாமை பாராட்டியவனுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ. 500 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். குறைந்த அளவு தண்டனை எதுவென்று சட்டம் கூறவில்லை. ஆதலால் சிறு தொகை கட்டிவிட்டுக் குற்றவாளி வீடு திரும்ப இயன்றது. நீதிமன்ற அனுமதியோடு ராஜி செய்துகொள்ளவும் வழி இருந்தது. பண்ணையாரின் நிலத்தில் கூலிக்கு உழைப்பவன் அவரோடு செய்துகொள்ளும் ராஜி எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

குழுவின் பரிந்துரைகளை அடியொற்றி 1972இல் திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. அது கூட்டுக்குழுவின் ஆய்வுக்குச் சென்று, 1976இல்தான் நிறைவேறியது. அறிக்கைக்கும் சட்டத்திற்கும் இடையே ஏழாண்டுகள்! 1976 நவம்பர் 19 முதல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. குறைந்தது ஒரு மாதச் சிறையும் ரூ. 100 அபராதமும் கட்டாயமாயின. ராஜிக்கு இடமில்லாது போயிற்று. குற்றத்தை விசாரிக்க வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமை தவறினால், அவரும் குற்றத்திற்கு உடந்தையானவராகக் கருதப்படுவார் என்றாயிற்று. வன்கொடுமைகளுக்கென 1989இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டி வந்ததிலிருந்து, 1976ஆம் ஆண்டுச் சட்டமும் முழுமையாகப் போதவில்லை என்பது விளங்கும்.

அறிக்கையின் மற்றொரு பரிந்துரை இதனினும் துணிவானது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து, உரிய கல்வியும் பயிற்சியும் பெற்ற எவரும் சாதி வேறுபாடின்றி அப்பணிக்கு வரலாம் என்று குழு கூறியது. காங்கிரஸ்காரர் ஒருவர் தலைமையில் எழுந்த இக்கருத்தைக் கையில் எடுத்தது தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சி. 1970இல் கொண்டுவந்த அறநிலையத் திருத்த மசோதாவின் நோக்க விளக்கத்தில் இக்குழுவின் பரிந்துரையை அவ்வரசு எடுத்துக்காட்டிற்று. 1972 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது. ஆயினும் நியமனம் ஆகம விதிகளுக்கு உட்பட்டது என்று கூறியதால் வாயிற்கதவு பாதியே திறந்தது.

இளையபெருமாள் 1980இல் எழும்பூரிலிருந்து சட்டமன்றம் சென்றார், 2005இல் மறைந்தார். 2021 ஆகஸ்டில், அர்ச்சகர் பயிற்சி முடித்த பல சாதியினர் 24 பேருக்குத் தமிழக அரசு கோயில்களில் பணி ஆணை வழங்கியது. அவர்களுள் நம்மவரும் இருந்தனர்.